பில் போடாத மாத்திரை

தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. டிப்ளமோ ஃபார்மசி படித்தவன், திருவெண்ணெய்நல்லூரில் மெடிக்கல் வைத்திருக்கிறேன். டாக்டர் சீட்டு இல்லாமல் டேபென்டடால் விற்றேன்.

2018-ல் ட்ராமடாலை மத்திய அரசு போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்ததும் என்னைப் போன்றவர்கள் அதிலிருந்து கையை எடுத்துக்கொண்டோம். டேபென்டடால் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை; சீட்டுக்கு மட்டும் தரவேண்டிய மருந்து என்ற அளவில் நின்றது. கடும் வலிக்கு எழுதும் மாத்திரை. என்னிடம் கேட்டு வந்தவர்களோ பல்வலிகூட இல்லாத பையன்கள். "அண்ணே, ஒரு அட்டை குடுண்ணே." கூடவே சிரிஞ்சும் கேட்பார்கள். பொடித்துக் கரைத்து நரம்பில் ஏற்ற. மாத்திரையில் சேர்க்கும் டால்க் கரையாது. ரத்தத்தோடு போய் நுரையீரலின் நுண்குழாய்களை அடைக்கும். அதுவும் நான் படித்ததுதான்.

மூளை தனக்கு வேண்டிய அபினைத் தானே கொஞ்சம் செய்துகொள்கிறது. 1975-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து என்கெஃபலின் என்று பெயர் வைத்தார்கள். அது போய் உட்காரும் இடத்தில் இந்த மாத்திரையும் உட்காரும், பல மடங்காக. நாளாக ஆக அந்த இடம் மரத்துப்போகும். ஒன்று செய்த வேலைக்கு மூன்று தேவைப்படும். மூளைத்தண்டில் நார்அட்ரினலின் சுரக்கும் செல்களையும் மருந்து அழுத்திவைக்கிறது. அந்த அழுத்தத்தை ஈடுகட்ட அவை வேகம் கூட்டிக்கொண்டே போகும். மருந்து நின்ற அன்று கூட்டிய வேகமெல்லாம் கட்டவிழும்: மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, புல்லரிப்பு. அக்னி நட்சத்திர வெயிலில் கைமயிர் சிலிர்த்து, கொட்டாவி விட்டபடி ஒருவன் வந்து நின்றால் எனக்கு விளங்கிவிடும். இனி இவனுக்கு ஒரு அட்டை போதாது என்று மொத்த வியாபாரியிடம் கூடுதலாகச் சொல்லிவைப்பேன். பரீட்சையில் தாங்குதிறன் என்று எழுதி மார்க் வாங்கியதைக் கடையில் விற்பனைக் கணக்காக்கினேன். வேறு எந்தப் பாடமும் எனக்கு இவ்வளவு பயன்பட்டதில்லை.

கல்யாணப் பந்தலிலிருந்த சுந்தரரை அடிமை ஓலை காட்டிக் கிழவர் ஒருவர் இழுத்துவந்து வழக்காடிய ஊர் இது. அந்த வழக்கில் சபையார் மூல ஓலையை வாங்கிப் பார்த்தார்களாம். என்னிடம் மாட்டியவர்களுக்கு ஓலை ஏது? பில்கூடப் போடவில்லையே.

ஒரு பையனின் அம்மா காலி அட்டையோடு வந்தார். கரும்பு வெட்டப் போகிறவர், என்னைவிட மூத்தவர். "புள்ளைக்கு வலி கிலி ஒண்ணும் இல்லியே சார், இது எதுக்குக் குடுக்கறது?" உடம்பு வலிக்குத்தான்மா, வேலைக்குப் போற பையன்தானே, என்றேன். அவர் நம்பிப் போய்விட்டார். நெற்றிக்குப் பின்னால் இருக்கும், 'வேண்டாம்' என்று தடுக்கிற பகுதி இருபத்தைந்து வயசுவாக்கில்தான் முழுதாக முதிர்கிறது, அதற்குள் இது புகுந்தால் பையன் திருடுவதும் பொய் சொல்வதும் வெறும் கொழுப்பில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

பிற்பாடு அந்தப் பையனை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அப்போதும் ஒன்று சொல்லியிருக்க வேண்டும். சில வாரம் நிறுத்தினாலே தாங்குதிறன் இறங்கிவிடும். திரும்பி வந்தவன் பழைய கணக்கில் ஒருதரம் போட்டாலும் மூளைத்தண்டு மூச்சு விடுவதை நிறுத்திவிடலாம். விட்டுவிட்டவர்களில் பலர் செத்துப்போவது இப்படித்தான். அதைச் சொல்லப்போனால் எப்படித் தெரியும் என்ற கேள்வி வருமே என்று பேசாமல் இருந்தேன். அவன் பிழைத்தது அவன் அம்மாவின் காவலால்.

மனசாட்சி உறுத்தி நான் நிறுத்தவில்லை. சுற்றுவட்டாரத்தில் மருந்து ஆய்வாளர்கள் கடை கடையாக இருப்பைச் சரிபார்க்கத் தொடங்கினார்கள். லைசென்ஸ் போய்விடும் என்று பயம். அவ்வளவுதான்.

இப்போது அவன் லோடு ஏற்றப் போகிறான். மாத்திரை உடம்பைவிட்டுப் போய் எத்தனையோ நாளானாலும், அது கிடைத்த இடமும் கொடுத்த முகமும் நினைவில் ஏக்கத்தோடு சேர்ந்தே கிடக்கும். பார்த்த மாத்திரத்தில் கிளம்பிவிடும். அவன் மூளையில் அந்த முகம் என்னுடையது. அம்மாவுக்கான பிரஷர் மாத்திரையை அவர்கள் வேறு கடையில் வாங்குகிறார்கள். வாங்கட்டும், அதுதான் அவனுக்கு நல்லது.