ஆயாவின் பம்ப் ஸ்டவ்

இந்த மாத சுவர் இதழுக்கு "வீணாய்ப் போகும் பொருளில் ஒரு கலைப்பொருள்" என்று தலைப்பு கொடுத்தார்கள். தேங்காய் ஓட்டில் குரங்கு, ஐஸ் குச்சியில் வீடு எல்லாம் மற்றவர்கள் எழுதியிருப்பார்கள். நான் ஒரு பம்ப் ஸ்டவ்வைப் பற்றி எழுதுகிறேன். நம்மில் பலர் அதைப் பார்த்திருக்கவே மாட்டோம். வீட்டில் பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள், உடனே சொல்வார்கள்.

என் அம்மாவின் அம்மாவை நான் ஆயா என்றுதான் கூப்பிடுவேன். ஆயா சென்னையில் நந்தனத்தில் சித்தி வீட்டில் இருக்கிறார். முன்பு அங்கே ரோட்டோரத்தில் இட்லிக்கடை போட்டிருந்தார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, பித்தளை பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்து, இட்லிப்பானையை ஏற்றுவாராம். காலேஜ் படிக்கிற அண்ணன்கள், பஸ்ஸுக்கு நிற்பவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் சாப்பிடுவார்களாம். அந்த வருமானத்தில்தான் என் அம்மாவையும் சித்தியையும் படிக்கவைத்தார்.

ஒருநாள் ஸ்டவ்வுக்குக் காற்று அடிக்கும்போது குப்பென்று தீ எழும்பி ஆயாவின் இடது கையைச் சுட்டுவிட்டது. அப்போது அம்மாவுக்குப் பத்து வயசு. பக்கத்தில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்களாம். ஆயாவின் முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரைக்கும் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. ஆனால் வேறு ஸ்டவ் வாங்கப் பணம் இல்லை. கை ஆறியதும் ஆயா அதே ஸ்டவ்வைப் பழுது பார்த்து மறுபடியும் கடை போட்டார். காஸ் அடுப்பு வந்த பிறகுதான் ஸ்டவ் பரணுக்குப் போனது. அம்மாவுக்கு மட்டும் இன்றைக்கும் அதைக் கண்டாலே ஆகாது. "அந்தச் சனியனைத் தூக்கிப் போடுங்க" என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்வார்கள்.

இந்தப் பொங்கல் லீவுக்கு நான் நந்தனம் போயிருந்தேன். போகிக்கு முந்தின நாள் சித்தி வீட்டை ஒழித்தார்கள். உடைந்த வாளி, துருப்பிடித்த கட்டில் கால், கூடவே அந்த ஸ்டவ், எல்லாம் காயலான் கடைக்குப் போய்விட்டது. ஸ்டவ்வுக்கு மட்டும் 480 ரூபாய் கிடைத்தது. ஆயா, "போனா போவுது, வச்சிக்கினு இன்னா பண்ணப் போறேன்" என்றுதான் சொன்னார். ஆனால் அன்று ராத்திரி சோற்றில் கை வைத்துப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. நான் பார்த்தேன்.

புத்தகக் கண்காட்சிக்கு என்று அப்பா எனக்கு 500 ரூபாய் கொடுத்திருந்தார். போகி அன்று காலையில் யாரிடமும் சொல்லாமல் காயலான் கடைக்குப் போனேன். ஸ்டவ் ஒரு சாக்கின் மேல் கிடந்தது. "அண்ணா, அது எங்க ஆயாவோடது. திருப்பித் தரீங்களா?" என்று கேட்டேன். கடைக்கார அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, "நான் குடுத்த துட்டையே குடும்மா. லாபம்லாம் வோணாம், நாள் கிழமை" என்றார். பழைய அலாரம் டைம்பீஸ் ஒன்றையும், ஃபேன் மோட்டாரில் இருந்து பிரித்த செம்புக் கம்பி கொஞ்சத்தையும் சும்மாவே கொடுத்தார்.

சித்தி போனில் அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். அம்மா கத்தினார்கள். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள்: "அது அடுப்பா மட்டும் என் வீட்டுக்குள்ள வரக்கூடாது." சரி, அடுப்பாக இல்லாமல் வேறு என்னவாகக் கொண்டுபோவது?

மறுநாள் புத்தகக் கண்காட்சிக்குப் போனோம். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடந்தது. என் கையில் இருந்தது 20 ரூபாய். உள்ளே அதற்கு என்ன வாங்க முடியும்? வெளியே பிளாட்பாரத்தில் பழைய புத்தகம் விற்கிற தாத்தாவிடம் படம் நிறைந்த ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகை வாங்கினேன். அதில் ஒரு பக்கம் முழுக்க விசித்திரமான பொருள்கள். பித்தளைக் குழாய் வைத்த விளக்கு, பல்சக்கரம் ஒட்டிய கடிகாரம், ரிவெட் அடித்த பெட்டி. மேலே "ஸ்டீம்பங்க்" என்று போட்டிருந்தது.

லீவு முடிந்து வந்ததும் நம் அறிவியல் மிஸ்ஸிடம் காட்டினேன். மிஸ் விளக்கினார்கள். ஸ்டீம் என்றால் நீராவி. மின்சாரமும் பெட்ரோலும் பரவாமல் உலகம் நீராவியிலேயே ஓடியிருந்தால் இயந்திரங்கள் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து கதை எழுதினார்கள். அந்த வகைக் கதைகளுக்கு 1987-ல் கே.டபிள்யூ. ஜீட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர் இந்தப் பெயரை வைத்தார். பிறகு அதே பாணியில் பொருள்கள் செய்ய ஆரம்பித்தார்கள்.

"நமக்கு இது கற்பனை இல்லை" என்றும் மிஸ் சொன்னார்கள். 1856-ல் சென்னை ராயபுரத்தில் இருந்து கிளம்பிய முதல் ரயில் நீராவி ரயில்தான். 1855-ல் செய்த இ.ஐ.ஆர்-21 என்ற நீராவி எஞ்சினைப் பெரம்பூர் பணிமனையில் சரிசெய்து 2010-ல் மறுபடியும் ஓட்டியிருக்கிறார்கள். சண்டிகரில் நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர் உடைந்த வளையல், உடைந்த பீங்கான் எல்லாம் பொறுக்கி வந்து, 1957-ல் இருந்து யாருக்கும் தெரியாமல் பொம்மைகள் செய்தார். அது ராக் கார்டன் என்ற பெரிய தோட்டமாகி 1976-ல் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

பம்ப் ஸ்டவ்வும் ஆவியில் வேலை செய்வதுதான் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பம்ப் அடித்தால் தொட்டிக்குள் காற்று அழுத்தம் ஏறும். அழுத்தம் மண்ணெண்ணெயை மேலே தள்ளும். சூடான பர்னரில் எண்ணெய் ஆவியாகி, நிப்பிளின் சின்ன ஓட்டை வழியாகச் சீறி, காற்றோடு கலந்து நீலமாக எரியும். 1892-ல் ஸ்வீடனில் லிண்ட்குவிஸ்ட் என்பவர் இந்த மாதிரி ஸ்டவ்வைக் கண்டுபிடித்தார். தென்துருவத்துக்கு முதலில் போன அமுண்ட்சென்னும் இப்படிப்பட்ட ஸ்டவ்வைத்தான் கொண்டுபோனார். அதே மாதிரி ஒன்றில் எங்கள் ஆயா இட்லி வேகவைத்திருக்கிறார்!

வேலையை ஆரம்பித்தேன். மூடியைத் திறந்து, சோப்புத் தண்ணீரில் நாலு தடவை கழுவி, ஒரு வாரம் வெயிலில் காயவைத்தேன். அப்பவும் மண்ணெண்ணெய் வாசனை போகவில்லை. புளி போட்டுத் தேய்த்ததும் பித்தளை தங்கம் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் ஒரு பக்கம் நெளிந்து, உள்ளங்கை அளவுக்குக் கறுத்திருந்தது. அது எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. டைம்பீஸைப் பிரித்து பதினொரு சக்கரம் எடுத்து வரிசையாக ஒட்டினேன். அந்தக் கறுப்பின் மேல் அட்டையில் ஒரு மீட்டர் வரைந்து மூடினேன். பர்னரில் நீல பல்பு வைத்து, செம்புக் கம்பி சுற்றினேன். பார்த்தவர்கள் எல்லாரும் சூப்பர் என்றார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

மாசி மாதம் ஆயா எங்கள் ஊருக்கு வந்தார். ஸ்டவ்வைக் காட்டினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது கண்ணு. இந்தச் சக்கரம் எதைச் சுத்துது?"

"எதையும் சுத்தாது ஆயா. சும்மா அழகுக்கு."

"என் ஸ்டவ்வுல சும்மா இருந்தது ஒண்ணுமே இல்லடி" என்றார். பிறகு அட்டை மீட்டரின் மேல் விரலை வைத்துத் தடவினார். "இங்க ஒரு கறை இருக்குமே, எங்க காணோம்?"

"அசிங்கமா இருந்துச்சு, மூடிட்டேன்."

ஆயா ஒன்றும் சொல்லவில்லை. தன் இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

அன்று ராத்திரியே எல்லாவற்றையும் பிரித்தேன். அட்டை மீட்டரைப் பிய்த்துப் போட்டேன். எட்டு சக்கரங்களை எடுத்துவிட்டேன். மூன்றை மட்டும் பலகையில் ஆணி அடித்துப் பல்லோடு பல் சேர்கிற மாதிரி வைத்தேன். ஒன்றை விரலால் திருப்பினால் மூன்றும் சுற்றும். பம்பு வெறுமனே இருக்கக்கூடாது என்று அதை ஸ்விட்ச் ஆக்கினேன். பம்பின் வாயருகே சைக்கிள் டியூப் ரப்பரின் மேல் ஒரு செம்புத் தகட்டைக் கட்டினேன். ஒரு வயர் அந்தத் தகட்டுக்கு, இன்னொன்று ஸ்டவ்வின் உடம்புக்கு. பம்பை அழுத்தினால் அதன் பிடி தகட்டைத் தொடும், நீல விளக்கு எரியும். இழுத்தால் அணையும். நம் பாடத்தில் வரும் மின்சுற்றுதான். அடியில் இரண்டு பேட்டரி.

காலையில் ஆயா பம்பை அழுத்திப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் ஒவ்வொரு பாகமாகத் தொட்டுக் கதை சொன்னார். பம்பின் தோல் வாஷர் காய்ந்துவிடாமல் தேங்காய் எண்ணெய் விட்டது, ஸ்டவ் பின் தொலைந்துபோய் ஊசியால் நிப்பிளைக் குத்தியது, மழையில் குடை பிடித்துக்கொண்டு இட்லி வேகவைத்தது. கறையைத் தொட்டபோது அந்த நாளையும் சொன்னார். அம்மா வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே வரவில்லை.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

1. எண்ணெய் இருந்த தொட்டியைச் சூடு பண்ணவோ, துளை போடவோ கூடாது. உள்ளே ஆவி தங்கியிருந்தால் ஆபத்து. மூடியை எப்போதும் திறந்தே வையுங்கள்.

2. பொருளைப் பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்தது என்று, அதைப் பயன்படுத்தியவரிடம் கேளுங்கள்.

3. அழுக்கைத் தேய்த்து எடுங்கள். ஆனால் கறையை மூடுவதற்கு முன் அது எப்படி வந்தது என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் மூடினேன், அதனால்தான் இவ்வளவும் எழுதினேன்.

இப்போது ஸ்டவ் எங்கள் வீட்டு அலமாரியின் மேல் இருக்கிறது. அம்மா அதன் பக்கத்தில் போகாமலே பெருக்குவார்கள். போன வாரம் டியூஷன் முடிந்து வரும்போது கரண்ட் இல்லை. வீட்டுக்குள் நீல வெளிச்சம் தெரிந்தது. அப்பா வேலைக்குப் போயிருந்தார். ஆயா ஊருக்குப் போய்விட்டார். அம்மா மட்டும்தான் இருந்தார்கள், அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு. நான் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் பொறுக்கினேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி