பூனையின் தவமும் 20 விநாடி அப்பாவும்

போன தடவை டூர் போனீர்களே, எத்தனை போட்டோ எடுத்தீர்கள்? ஐநூறு? எண்ணூறு? அதில் திரும்பிப் பார்த்தது எத்தனை? 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று போன் அலறும்போது மொத்தமாக அழிப்பதற்காகப் பார்த்ததெல்லாம் கணக்கில் வராது. பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், அத்தனையும் வாராக்கடன்!

அதனால் இப்போதெல்லாம் மாமல்லபுரம் கிளம்பினால் என் பையில் ஒரு ஸ்கெட்ச் புக், 12 கலர் வாட்டர்கலர் பெட்டி, ஒரே ஒரு பிரஷ். கூடவே போன். படம் வரைவது கை. அந்தப் படத்தைப் பிற்பாடு பேச வைப்பது போன். ஆக்மென்டட் ரியாலிட்டி என்று வாய் வலிக்கிற பெயர், ஏ.ஆர். என்றால் போதும். வீட்டுச் சுவரில் மாட்டிய படத்துக்கு நேரே கேமராவைக் காட்டினால், திரையில் அந்தப் படத்தின் மேலேயே வீடியோ ஓடும், சத்தம் கேட்கும். போனைக் கீழே இறக்கினால் படம் பழையபடி சமர்த்தாகச் சுவரில்.

"எனக்கு ஒரு கோடுகூட நேரா வராதே சார்!" என்கிறீர்களா? உங்களுக்கு ஒரு பெரிய மனிதர் துணை இருக்கிறார். ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், இங்கிலாந்துக்காரர். 1833-ல் இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் உட்கார்ந்து படம் வரைந்தார். கையில் 'கேமரா லூசிடா' என்ற கருவி. ஸ்டாண்டில் பொருத்திய சின்னக் கண்ணாடிப் பட்டகம்தான்; அதன் வழியாகப் பார்த்தால் எதிரே இருக்கும் ஏரியும் மலையும் தாளின் மேலேயே படிந்து கிடப்பதுபோல் தெரியும். அப்படியே பென்சிலை ஓட்ட வேண்டியதுதான். அப்படியும் அவருக்கு வரவில்லை! கண்ணை எடுத்துப் பார்த்தால் தாளில் கிறுக்கல். அந்தக் கடுப்பில்தான், 'இந்தக் காட்சி தானாகவே தாளில் பதிந்து நின்றுவிட்டால் என்ன?' என்று யோசித்தார். போட்டோகிராபியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் ஆனார். ஆக, உங்கள் போனில் அந்த எண்ணூறு போட்டோ இருப்பதற்கு, வரைய வராத ஒரு மனிதரும் காரணம்.

அவர் தாளின் மேல் ஊரைப் பார்த்தார். நாம் இப்போது தாளின் மேல் வீடியோவைப் பார்க்கிறோம். ஏ.ஆருக்குத் தாத்தா முறை வேண்டும் அந்தக் கருவி.

மாமல்லபுரத்துக்கு வருவோம். சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தள்ளுவதுபோல் ஒரு போஸ், கடற்கரைக் கோயில் முன்னால் ஒரு செல்ஃபி, அப்புறம் மீன் வறுவல் என்று முடித்துக்கொள்ளும் கோஷ்டிதான் அதிகம். அர்ச்சுனன் தபசு பாறைக்கு ரெண்டு நிமிஷம். ஏறக்குறைய 30 மீட்டர் நீளப் பாறை சார்! யானைகள், நாகர்கள், வேடர்கள், முனிவர்கள் என்று அவ்வளவு கூட்டம். தவம் செய்வது அர்ச்சுனனா பகீரதனா என்று அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. எனக்குப் பிடித்தது, பெரிய யானையின் பக்கத்தில் நிற்கிற பூனை. முன்னங்கால்களைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அதுவும் தவம் செய்கிறது! காலடியில் எலிகள் பக்தியோடு.

போட்டோ என்றால் அந்தப் பூனைக்கு ஒரு விநாடி. வரைய உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணியில்தான் பூனையின் வயிறு ஒட்டியிருப்பது தெரியும், அதைப் பார்க்கிற எலியின் முகத்தில் உள்ள நம்பிக்கை தெரியும். கடற்காற்றில் மணல் வந்து ஈரப் பெயின்டில் ஒட்டும். ஒட்டட்டும், துடைக்காதீர்கள். ஒரிஜினல் மாமல்லபுரம் மணல், எந்தக் கடையில் கிடைக்கும்?

நான் வரைந்துகொண்டிருக்கும்போது அப்பா என் மகளுக்கு மகாபாரதத்தில் வரும் பூனைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு முழங்கால் வலி; 'ஏறி இறங்கற வேலையே இல்லப்பா' என்று சத்தியம் செய்து அழைத்து வந்திருந்தேன். போனை எடுத்து 20 விநாடி பதிவு செய்தேன். "இனிமே நான் அசைவமே தொட மாட்டேன்னு சொல்லிச்சாம் பூனை. எலிங்களும் நம்பிடுச்சுங்க..." பின்னால் காற்று, எங்கோ கல் செதுக்குகிற சத்தம். திடீரென்று, "ஏம்பா, இங்க நல்ல காபி கிடைக்குமா?" அவ்வளவுதான், வெட்டு.

இதைத்தான் அந்தப் பூனைப் படத்தில் சேர்த்திருக்கிறேன். என் கட்சி இதுதான்: பாறைப் படத்தின் மேல் பாறை வீடியோவை ஓட்டுவது இட்லிக்கு இட்லியையே தொட்டுக்கொள்வது மாதிரி. பிரஷ்ஷில் சிக்காத சமாசாரம் எதுவோ, அதை மட்டும் போனிடம் கொடுங்கள். குரல், காற்று, பஸ் கண்டக்டரின் விசில்.

போனுக்கு எப்படிப் படம் அடையாளம் தெரிகிறது? முதலில் உங்கள் படத்தைப் போட்டோ எடுத்து அதில் ஏற்றுகிறீர்கள். கூர்மையான மூலைகள், கறுப்பும் வெளுப்பும் சந்திக்கிற இடங்கள் இவற்றையெல்லாம் அது புள்ளிகளாகக் குறித்துக்கொள்கிறது. பிற்பாடு அதே புள்ளிகள் அதே வரிசையில் கண்ணில் பட்டால், தாள் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டு வீடியோவை அங்கே ஒட்டுகிறது. அதனால் கோடு நிறைந்த பூனைப் பாறை அதற்கு அல்வா. வானமும் கடலும் வழவழவென்று கரைகிற மாதிரி வரைந்தால் திருதிருவென்று முழிக்கும். அங்கங்கே பேனாவால் நாலு காக்கா, ஒரு கட்டுமரம் போட்டுவிடுங்கள். ஃப்ரேமில் பளபளக்கிற கண்ணாடி வேண்டாம். டியூப் லைட் அதில் அடித்தால் காரியம் கெடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஆடிட்டர் மாதிரி இருங்கள். 2011-ல் வந்த ஆராஸ்மா என்ற ஏ.ஆர். ஆப் அப்போது ஒரு கலக்குக் கலக்கியது. பிறகு பெயர் மாறி, 2020-ல் மூடிவிட்டார்கள். மெட்டாவின் ஸ்பார்க் தளம் 2025 ஜனவரியில் கடையைக் கட்டியது. இதே பாறையில் பூனை 1,300 வருஷமாக நிற்கிறது. ஆப் பத்து வருஷம் நின்றால் அதிசயம். எனவே அப்பாவின் குரலை ஆப்பை நம்பி மட்டும் விட்டு வைக்காதீர்கள். வீடியோவைத் தனியாக ரெண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். ஆப் போனால் இன்னொன்று வரும், மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். தாளின் பின்பக்கம் தேதி, ஊர், கூட வந்தவர்கள் பெயர் எழுதுங்கள். இதற்கு சார்ஜ் தேவையில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் தாத்தாவைச் சுவர் முன்னால் நிறுத்திப் போனைக் காட்டினாள். அப்பா 20 விநாடியும் அசையாமல் கேட்டார்.

"என்னடா இது, கதையைப் பாதியில நிறுத்திட்டே! எலி கணக்கு குறைஞ்சுது எப்படித் தெரிஞ்சுதுன்னு சொல்ல வேணாமா?" என்றவர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "உக்காரு பாப்பா" என்றார். நான் போனைத் தேடி எடுத்தேன்.