அம்பு எய்த பிறகு

உதகமண்டலத்துக்குச் சென்று வந்த அன்பர்கள், அங்கே ‘எல்க் ஹில்’ என்று ஒரு குன்று இருப்பதையும், அதில் முருகப்பெருமான் கோயில் கொண்டிருப்பதையும் அறிவர். மைசூரிலிருந்து குண்டலுப்பேட்டை, பந்திப்பூர் வழியாக மலையேறிச் செல்லும் நம் சங்கத்துக் குடும்பங்கள் பல அங்கே வழிபட்டு வந்ததும் உண்டு. ஆனால் ‘எல்க்’ என்பது யாது என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம்.

தென்னாட்டிலும் இலங்கையிலும் வாழ்ந்த ஆங்கிலேயர் கடமானைத்தான் அப்பெயரால் அழைத்து வந்தனர். நாம் மிளா என்றும், இலங்கைத் தமிழர் மரை என்றும், கன்னடத்தார் கடவெ என்றும் சொல்வது அதுவே. சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் நுவரெலியா மலைகளில் வேட்டைநாய்களுடன் கடமானைத் துரத்தியதைப் பற்றி 1850களில் எழுதிய நூலில், தொடக்கம் முதல் இறுதி வரை அதனை ‘எல்க்’ என்றே குறிப்பிடுகிறார். ஐரோப்பாவில் அச்சொல் வேறொரு பெரிய மானுக்கு உரியது. அமெரிக்காவில் குடியேறியவர்களோ, அங்கே கண்ட மற்றொரு மானுக்கு அதைச் சூட்டிவிட்டனர். அந்நாட்டுப் பழங்குடியினரான ஷானி மக்கள் அம்மானுக்கு வைத்த பெயர் ‘வாப்பிட்டி’. வெண்மையான பின்புறம் உடையது என்பது பொருள். ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் புதிய இடத்தில் காணும் பொருளுக்கெல்லாம் பழைய ஊரின் பெயரை வைப்பது இயல்பு. குடியேறி வாழும் நமக்கு இது புதிதன்று.

இந்தப் பெயராராய்ச்சியில் நாங்கள் இறங்கக் காரணம், எங்கள் தமக்கையாரின் மகன். அவன் மைசூரில் பிறந்து வளர்ந்து, இப்பொழுது அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் பணிபுரிகிறான். அந்நாட்டு மாநிலங்களுள் எல்க் மான்கள் மிகுதியாக வாழ்வது அங்கேதான். செப்டம்பர் மாதத்தில் உரிமச்சீட்டுப் பெற்றவர்கள் வில்லும் அம்பும் கொண்டு அவற்றை வேட்டையாடச் சட்டம் இடம் தருகிறது. நம் பிள்ளையும் இரண்டு ஆண்டுகள் வில்வித்தை பயின்று, சென்ற பருவத்தில் ஒரு நண்பருடன் மலைக்குச் சென்றான். நடந்ததை நீண்ட கடிதமாக எழுதி எங்களுக்கு அனுப்பி, “மாமா, அத்தை, நீங்கள் முதலில் படித்துவிட்டு அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்” என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அவன் எழுதியதில் அம்பு எய்தது இரண்டே வரி. எய்த பிறகு நடந்ததுதான் மிச்சமெல்லாம். அதுவே எங்களை நிறுத்திச் சிந்திக்க வைத்தது.

துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியாலும் தாக்குவது. அம்போ அப்படியன்று. அகன்ற, கூரிய அலகு உட்சென்று குருதிக் குழாய்களை அறுப்பதனாலேயே விலங்கு இறக்கிறது. ஆகவே, நெஞ்சில் சரியாகப் பட்டாலும் மான் நின்ற இடத்தில் விழுவது அரிது. நூறு கஜமோ இருநூறு கஜமோ ஓடித்தான் விழும். எய்தவன் உடனே பின்னால் ஓடினால், அச்சத்தால் அது தன் வலிமையெல்லாம் திரட்டி மலை தாண்டிச் சென்றுவிடும். ஆதலால் எய்தவனுடைய முதற் கடமை அசையாது இருப்பது. எந்த இடத்தில் மான் நின்றது, எந்த மரத்தருகே மறைந்தது என்று மனத்தில் பதித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

எவ்வளவு நேரம்? அதை அம்பும் குருதியுமே சொல்லும். குருதி இளஞ்சிவப்பாய், நுரை கலந்து இருந்தால் நுரையீரலில் பட்டது. அரைமணி நேரம் போதும். கருஞ்சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் ஈரல். நான்கைந்து மணி நேரமாவது பொறுக்க வேண்டும். பசுமை கலந்த ஈரமும் நாற்றமும் இருந்தால் இரைப்பையிலோ குடலிலோ பட்டது. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கூட ஆகலாம். அந்நேரம் முழுதும் ஓர் உயிர் எங்கோ புதரில் நோவுடன் படுத்திருக்கும். எய்தவன் அதனை அறிந்துகொண்டே சும்மா இருக்க வேண்டும்.

நம் பிள்ளையின் அம்பு அப்படித்தான் பட்டிருந்தது. எய்யும் கணத்தில் மான் ஓர் அடி முன்வைத்துவிட்டதாம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. உடன் வந்த நண்பர் அம்பை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, “விடியும் வரை ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டார். அன்றிரவு முழுதும் கூடாரத்தில் கண் மூடாமல் இருந்ததாக எழுதியிருந்தான்.

விடிந்ததும் தேடத் தொடங்கினார்கள். குருதித் துளி கண்ட ஒவ்வோரிடத்திலும் ஒரு சிறு காகிதத் துண்டைக் கட்டினார்கள். ஒருவர் கடைசித் துளியருகே நிற்க, மற்றவர் முன்னே சென்று அடுத்த துளியைத் தேடுவார். தடத்தின் மேல் கால் வைக்காமல் ஓரமாகவே நடக்க வேண்டும். ஓரிடத்தில் துளிகள் அற்றுப்போயின. அதன் பிறகு புரண்ட கல், ஒடிந்த புல், மண்ணில் ஆழப் பதிந்த குளம்பு, மொய்க்கும் ஈ ஆகியவையே வழிகாட்டிகள். திரும்பிப் பார்த்தால், கட்டிவந்த காகிதங்கள் மான் சென்ற திசையை ஒரு கோடு போலக் காட்டுமாம். நண்பகல் நெருங்கும் வேளையில், ஓடைக்கரையில், ஊசியிலை மரங்களின் நிழலில் அது இறந்து கிடக்கக் கண்டார்கள். இறைச்சியைப் பகுத்துத் தோளில் சுமந்து, பலமுறை மலையேறி இறங்கிக் கொண்டுவந்தார்கள். காயம்பட்ட விலங்கைத் தேடத் தக்க முயற்சி செய்யாமல் விடுவதும், உண்ணத் தக்க இறைச்சியை வீணாக்குவதும் அம்மாநிலத்தில் குற்றமாகும்.

தமக்கையாரிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினோம். அவர் புலால் உண்ணாதவர். மூன்று நாள் மகனுடன் பேசவில்லை. நான்காம் நாள் தொலைபேசியில் சொன்னார்: “தம்பி, நீ அந்த உயிரை எடுத்ததை நான் ஒப்பமாட்டேன். ஆனால் நோவோடு அதைக் காட்டில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நீ படுத்துத் தூங்கியிருந்தால், உன்னை என் மகன் என்று சொல்லவே நாணியிருப்பேன்.” அவன் நெடுநேரம் மறுமொழி கூறவில்லை. பிறகு, அடுத்த ஆண்டு போகலாமா என்று மெல்லக் கேட்டான். “தேடித் தொடர முடியாத நாளில் வில்லைத் தொடாதே. இருட்டப்போகிறது என்று தெரிந்தால் நாண் ஏற்றாதே” என்றார். இசைவு என்றோ மறுப்பு என்றோ அதற்குப் பொருள் கொள்ளலாம். அவன் எப்படிக் கொண்டானோ, நாங்கள் அறியோம்.

வேட்டை நன்றா தீதா என்னும் வழக்கைத் தீர்ப்பது எங்கள் நோக்கமன்று. தமக்கையார் சொன்ன சொல்லில் நம் பழைய இலக்கியத்தின் குரல் கேட்டதே எங்களை வியக்க வைத்தது. அகப்பொருள் நூல்களில் ஒரு மரபு உண்டு. தினைப்புனம் காக்கும் தலைவியையும் தோழியையும் அணுகுவதற்குத் தலைவன் ஒரு காரணம் கற்பித்துக்கொண்டு வருவான். “என் அம்பு பட்ட மான் இப்பக்கம் வந்ததோ? யானை வந்ததோ?” என்று கேட்பான். திருக்கோவையாரில் ‘வேழம் வினாதல்’, ‘கலைமான் வினாதல்’ என்று இவற்றுக்குத் தனித் துறைகளே வகுக்கப்பட்டுள்ளன.

அவன் கேட்பது பொய் என்பது தோழிக்குத் தெரியும். ஆயினும் ஏன் அந்தப் பொய்யைப் புலவர்கள் தேர்ந்தெடுத்தார்கள்? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் அல்லவா? அம்பு எய்தவன் அவ்விலங்கைத் தேடி அயலார் புனம் வரையிலும் வருவான், வரவேண்டும் என்பது கேட்போர் எல்லாருக்கும் ஒப்பமுடிந்த நெறியாக இருந்தது. அதனால்தான் அந்தக் காரணம் செல்லுபடியாயிற்று. எய்துவிட்டு வீடு திரும்புவது வழக்கமாக இருந்திருப்பின், தலைவன் வேறு பொய்தான் தேடியிருக்க வேண்டும்.

அந்நெறி தவறினால் என்னாகும் என்பதற்கு ஒரு கொடிய சான்று உண்டு. சம்பாவத் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் பெண்புலி நேபாளத்திலும் குமாவுனிலும் 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. 1907இல் அதனைச் சுட்டு வீழ்த்திய ஜிம் கார்பெட், அதன் வாயைத் திறந்து பார்த்தபோது வலப்பக்கத்துக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம். வழக்கமான இரையைக் கொல்ல இயலாமற்போகவே அது மனிதரைப் பிடிக்கத் தொடங்கியது என்று அவர் எழுதினார். யாரோ ஒருவர் சுட்டார். அப்புலியின் கதையை அவர் முடிக்கவில்லை. விலையைக் கொடுத்தவர்கள் விறகு பொறுக்கவும் புல் அறுக்கவும் சென்ற ஏழைகள்.

நம் மைசூர்ச் சீமையும் வேட்டைக்குப் பெயர்போன நாடாக இருந்ததே. வேட்டையாடிய புலிகளையும் சிறுத்தைகளையும் பாடம் செய்து கொடுத்த வான் இங்கன் குடும்பத்தாரின் தொழிற்சாலை, சென்ற நூற்றாண்டில் இந்நகரில் உலகப் புகழ் பெற்று விளங்கியது. 1941இல் பந்திப்பூர்க் காட்டில் வேணுகோபால வனவிலங்குப் பூங்கா அமைந்தது. 1973இல் பந்திப்பூர் புலிகள் காப்புத் திட்டத்தில் சேர்ந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991ஆம் ஆண்டின் திருத்தமும் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தன. கடமான்கள் இன்று அக்காட்டில் அச்சமின்றி நீர் அருந்துவதை நம் குழந்தைகள் வண்டியிலிருந்து காண்கிறார்கள்.

ஆனால் எய்வதும் தொடர்வதும் இம்மண்ணில் மறைந்துவிடவில்லை; நோக்கம் மாறியிருக்கிறது. காயம்பட்ட யானைக்கு மருத்துவம் செய்யவும், ஊருக்குள் புகும் விலங்கைப் பிடிக்கவும் வனத்துறையினர் மயக்க ஊசியைத் துப்பாக்கியால் எய்கிறார்கள். ஊசி பட்ட யானை உடனே மயங்குவதில்லை; சில நிமிடங்கள் ஓடும். இங்கே காத்திருத்தல் ஆகாது. யானை நீர்நிலையில் விழுந்தால் மூழ்கும். நெஞ்சு அழுந்தப் படுத்தால் மூச்சு முட்டும். ஆகவே உடனே தடம்பற்றிச் சென்று சேர வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் காட்டை அறிந்த ஜேனு குறும்பர் முதலானோரின் கண்ணும் காலும் அங்கேதான் துணைநிற்கின்றன.

அப்பணியின் விலையும் பெரிது. 2023 ஆகஸ்டு இறுதியில் ஹாசன் மாவட்டத்தில், காயமுற்ற காட்டுயானைக்கு மருத்துவம் செய்வதற்காக ஊசி எய்த வனத்துறை ஊழியர் ஒருவர், அந்த யானை திரும்பித் தாக்கியதில் உயிரிழந்தார். அதே ஆண்டு டிசம்பர் 4 அன்று, அதே மாவட்டத்தில் காட்டுயானை ஒன்றைப் பிடிக்கும் பணியில் அர்ஜுனன் மாண்டான். 2012 முதல் 2019 வரை தசராவில் பொன் அம்பாரி சுமந்த அவனை, நம் வீட்டுக் குழந்தைகள் பெயர் சொல்லி அழைத்தவர்கள் அல்லரோ!

கொலராடோவில் விடியும் வரை காத்திருந்தவனுக்கும், ஹாசன் காட்டில் அந்தக் கணமே விரைந்தவர்களுக்கும் செயல் வேறு; நெறி ஒன்றே. கையை விட்டு அகன்ற கணை, எய்தவனை விட்டு அகல்வதில்லை. அது சென்று தைத்த இடத்துக்கு அவனும் செல்ல வேண்டும். அடுத்த முறை நம் குடும்பங்கள் பந்திப்பூர் வழியாக மலையேறும்போது, சாலையோரத்தில் தடியூன்றி நிற்கும் காவலரைக் கண்டால், குழந்தைகளுக்குக் கடமானைக் காட்டுவதோடு அவரையும் காட்டுங்கள். மண்ணில் பதிந்த அடையாளத்தைப் படித்துக்கொண்டு, நோவுடன் கிடக்கும் ஓர் உயிரைத் தேடிச் செல்லும் கல்வி அவரிடம் இருக்கிறது என்று சொல்லுங்கள்.