காரைக்குடியில் ஒரு காப்பித் தட்டு

வீட்டுக்கு நாலு பேர் வந்தால் காப்பியை எதில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள்? எவர்சில்வர் தட்டிலா? டம்ளர்கள் வழுக்கி ஒன்றோடொன்று மோதி, நீங்கள் சமையலறையை விட்டுக் கிளம்பும்போதே கூடத்துக்குச் செய்தி சொல்லிவிடும். பிளாஸ்டிக் தட்டா? கொஞ்ச நாளில் நடுவே குழிந்து, மேலெல்லாம் கீறல் விழுந்து, விருந்தாளி வந்தால் ஒளித்து வைக்கும்படி ஆகிவிடும்.

அழகான மரத்தட்டு ஒன்று இருந்தால் என்ன என்று உங்களில் பலருக்குத் தோன்றியிருக்கும். கடைகளில் மரத்தட்டு என்று விற்பதைப் புரட்டிப் பாருங்கள். மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை, அதன் மேல் மரம் மாதிரி அச்சடித்த காகிதம். பல தட்டுகளின் சங்கதி இவ்வளவுதான். ஓரத்தில் ஒருமுறை ஈரம் புகுந்துவிட்டால் அப்பளம் போல் உப்பிக் கொள்ளும். நல்ல மரமாக நாமே பார்த்து எடுத்து, தச்சரிடம் கொடுத்துச் செய்து கொள்வதுதான் உத்தமம்.

மரத்துக்கு எங்கே போவது? மரவாடிக்குப் போகலாம். ஆனால் நம் தேவை எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். 18 அங்குல நீளம், 12 அங்குல அகலம், அடிப்பலகை மூன்று நூல் கனம், சுற்றுச்சட்டம் 2 அங்குல உயரம், அரை அங்குல கனம். எல்லாம் சேர்ந்து ஒரு கன அடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு கூட வராது. கழிவுக்கு இன்னொரு மடங்கு சேர்த்தாலும் ஒரு கைப்பிடி மரம்தான். வாசல் நிலைக்கும் கட்டிலுக்கும் மரம் எடுக்க வந்தவர்கள் நடுவில், "ஒரு காப்பித் தட்டுக்கு மரம் கொடுங்கள்" என்று கேட்டுக் கொண்டு நின்றால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? இவ்வளவு சின்னத் துண்டுக்கு ஏற்ற இடம் பழைய மரம் விற்கிற கடைதான். பழைய மரம் என்றால் காரைக்குடி!

சென்னையிலிருந்து பிற்பகலில் பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் இரவுக்குள் காரைக்குடியில் இறங்கிவிடலாம். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஆட்டோக்காரரிடம் "முனீஸ்வரன் கோயில் தெரு" என்று சொன்னால் போதும். எதற்கென்று அவருக்கே தெரியும்.

அந்தத் தெருவை என்னவென்று சொல்வது! பிரிக்கப்பட்ட வீடுகளெல்லாம் தங்கள் சாமான்களைக் கொண்டுவந்து தெருவோரம் இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது. எனாமல் தூக்குகள், பித்தளைக் குடங்கள், கண்ணாடி விளக்குகள், ரவிவர்மா படங்கள், பெயர் தெரியாத தாத்தா பாட்டிகளின் புகைப்படங்கள் (இவற்றையும் வாங்குகிறார்கள், ஹோட்டல் சுவரில் மாட்டுவதற்காக!), பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பாத்திரங்கள், மரவைகள். மரவை என்பது மரத்தில் செய்த தட்டு, கிண்ணம் முதலியவற்றுக்கு நம் தமிழில் உள்ள பழைய பெயர். நாம் தேடிப் போவதற்கு ஊரில் ஏற்கனவே பெயர் இருக்கிறது, பாருங்கள்.

கடைகளுக்குப் பின்னால் கொட்டகைகள். அங்கேதான் மரம். தூண்கள், உத்தரங்கள், கைமரங்கள், நிலைகள், ஜன்னல் சட்டங்கள் எல்லாம் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடக்கின்றன.

இத்தனை தேக்கு இந்த வறண்ட சீமைக்கு எப்படி வந்தது? நகரத்தார் பர்மாவில் வட்டித் தொழில் நடத்திய நாட்களில் கப்பலேறி வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பர்மாவில் நெல் சாகுபடி பெருகியது; சாகுபடிக்குக் கடன் கொடுத்தவர்களில் முன்னால் நின்றவர்கள் இவர்கள். அந்தப் பணம்தான் இங்கே வீடுகளாக எழும்பியது. 1942-ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்ததும் பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. வீடுகள் நின்றன, வருமானம் நிற்கவில்லை. இன்று ஒரு வீட்டுக்கு இருபது பங்காளிகள், இருபது ஊர்களில். ஓடு மாற்றுவதற்குக்கூட எல்லாரும் சம்மதிக்க வேண்டும். 70-க்கு மேற்பட்ட செட்டிநாட்டு ஊர்களில் சில 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றிருக்கின்றன. பட்டியல் அதன் பாட்டுக்கு இருக்கிறது. கடப்பாரை அதன் பாட்டுக்கு வேலை செய்கிறது.

புதிதாகப் பர்மா தேக்கு வாங்கலாமே என்பீர்கள். 2014 ஏப்ரலிலிருந்து அந்த நாடு உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. இப்போது நம் மரவாடிகளுக்குக் கானாவிலிருந்தும் ஈக்வடாரிலிருந்தும்கூடத் தோட்டத் தேக்கு வருகிறது. அது கெட்ட மரமல்ல. ஆனால் இளம் மரமாக வெட்டியிருந்தால் வெள்ளை ஜாஸ்தியாக இருக்கும். அதைத்தான் கவனித்து வாங்க வேண்டும்.

நான் நுழைந்த கொட்டகையின் முதலாளி பெரியவர். "வாங்கம்மா, எல்லாம் பர்மாதான்" என்றார். எல்லாமா? அங்கேதான் நாம் விழித்துக் கொள்ள வேண்டும்! ஓரத்தை ஓர் உளியால் கொஞ்சம் சீவிக் காட்டச் சொல்லுங்கள். தேக்கானால் பொன் பழுப்பு நிறம் தெரியும். விரலில் எண்ணெய்ப் பசை தட்டும். பதப்படுத்திய தோல் போல ஒரு வாசனை அடிக்கும். சீவிய இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சட்டென்று குடிக்காது. முனையைப் பார்த்தால் ஆண்டு வளையங்கள் தெளிவாகத் தெரியும்.

வேங்கையைத் தேக்கு என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். உறுதியில் வேங்கை குறைந்ததல்ல. ஆனால் ஈரம் பட்டால் சாயம் விடும். சர்க்கரை வியாதிக்கென்று வேங்கைக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்துக் குடிக்கிறார்களே, அந்தத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் வெள்ளை மேஜை விரிப்புக்கு அந்த வைத்தியம் வேண்டாம். தோதகத்தி அழகில் ராணி, கனத்திலும்தான். தேக்கில் நம் தட்டு ஒன்றரை கிலோ என்றால் தோதகத்தியில் இரண்டு கிலோவை நெருங்கும். அதன் மேல் ஆறு பித்தளை டபரா செட்டும் காப்பியும் ஏறினால் தூக்குகிறவர் பாடு என்ன? பலா கிடைத்தால் விடாதீர்கள். வீணை செய்கிற மரம், லேசானது, முதலில் மஞ்சளாக இருந்து, வருஷங்கள் போகப் போகத் தேன் நிறத்துக்கு மாறும். மாமரம் மலிவு, ஆனால் சீக்கிரம் உளுத்துப் போகும். ரயில் தண்டவாளத்துக் கட்டை என்று யாராவது கொடுத்தால், எவ்வளவு வைரமாயிருந்தாலும் தொடாதீர்கள். கீல் எண்ணெய் ஊறிய மரம் அது. சாப்பாட்டுப் பக்கம் வரவே கூடாது.

அதே காரணத்துக்காகப் பழைய பெயிண்ட் அடித்த மரமும் வேண்டாம். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் சேர்ப்பது வழக்கம். நம் நாட்டில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு அமலுக்கு வந்ததே 2017-ல்தான். பச்சையும் நீலமுமாக உரிந்து நிற்கும் ஜன்னல் பலகை பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அதை இழைக்கும்போது பறக்கிற தூள் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது.

பெரியவர் எனக்கு ஒரு நிலையைக் காட்டினார். மேற்சட்டத்தில் கஜலக்ஷ்மி; இரு புறமும் கொடிகளும் கிளிகளும். "இந்த மேல்பலகையை அறுத்து ரெண்டு கைப்பிடி போட்டாப் போதும்மா, நல்ல தட்டு ஆயிடும். மெட்ராஸ்லேருந்து வர்றவங்க இப்படித்தான் கேட்டு வாங்கிட்டுப் போறாங்க" என்றார்.

ஆசையாகத்தான் இருந்தது. நீங்களும் போனால் உங்களுக்கும் இருக்கும். வாங்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். செதுக்கு வேலையின் இடுக்கில் சர்க்கரையும் முறுக்குத் தூளும் போய் உட்கார்ந்து கொண்டு எறும்பை அழைக்கும் என்பது சின்னக் காரணம். பெரிய காரணம் வேறு. அந்த நிலை இன்னொரு வீட்டுக்கு நிலையாகவே போய் நிற்க முடியும். அறுத்துவிட்டால் அதோடு சரி.

"நாமெல்லாம் வாங்குவதால்தானே வீட்டை இடிக்கிறார்கள்?" என்று பெரியவரைக் கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "அது எங்களாலே இடியலைம்மா. மழைத் தண்ணி உள்ளே இறங்கி, பங்காளிங்க கையெழுத்துப் போட்டப்புறந்தான் எங்களைக் கூப்பிடுறாங்க. நாங்க எடுக்கலேன்னா அடுப்புக்குத்தான் போகும்" என்றார்.

அவர் சொன்னதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். அடுப்புக்குப் போவது கைமரமும் உடைந்த சட்டமும். இடிப்பதை லாபமாக்குவது தூணும் நிலையும் செதுக்கிய கதவும். ஆகவே யாரும் சீந்தாத துண்டை எடுப்பதில் எனக்கு மனம் உறுத்தவில்லை.

மூலையில் ஒடிந்த கைமரங்கள் கிடந்தன. நாலடித் துண்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். ஆணி அடித்த இடங்களைச் சுற்றிக் கறுத்திருந்தது. இரும்பும் மரச்சாறும் கலந்தால் அப்படித்தான் கறுக்கும். தலை ஒடிந்து உள்ளே தங்கிவிட்ட ஆணி ரம்பத்தின் பல்லைப் பெயர்க்கும். அதனால் கைப்பையில் ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். (குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைக்கும் பொம்மைக் காந்தம் போதும்.) சின்னத் துளைகளிலிருந்து மாவு மாதிரி தூள் உதிர்ந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், அந்தத் துண்டைக் கீழே போட்டுவிடுங்கள்.

விலையைக் கேட்கிறீர்களா? அங்கே அளவுக்கு விலையில்லை, பேச்சுக்குத்தான் விலை. நிலையைக் காட்டும்போது ஒரு குரல், ஒடிந்த கைமரத்துக்கு வேறு குரல். நிதானமாகப் பேசுங்கள்.

பக்கத்துப் பட்டறை ஆசாரியார் துண்டைக் கையில் வாங்கியதும் முதலில் முனையைத்தான் பார்த்தார். "வளையம் பலகைக்கு நிமிர்ந்து நிக்கிற மாதிரி அறுத்தா கோணாதும்மா. படுத்திருந்தா மழைக்காலத்திலே ஒரு பக்கம் தூக்கும்" என்றார். மரம் வளையத்தின் போக்கில் சுருங்குவது, குறுக்கே சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எத்தனை வருஷம் காய்ந்த மரமானாலும் ஐப்பசி ஈரத்துக்குக் கொஞ்சம் விரியத்தான் செய்யும். கைமரத்தில் 12 அங்குல அகலம் கிடைக்காது. மூன்று நாலு பட்டைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டித்தான் அடிப்பலகை செய்ய வேண்டும். தேக்கின் எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது என்பதால் ஒட்டும் முகத்தை முதலில் ஸ்பிரிட்டால் துடைத்துக் கொள்கிறார்கள். பிறகு சட்டத்தில் காடி எடுத்து, அதற்குள் அடிப்பலகையைப் பசையில்லாமல் செருகுகிறார்கள். விரிய இடம் இருக்கட்டும் என்றுதான். ஆணி அடித்து இறுக்கித் தருகிறேன் என்று சொல்கிற தச்சரிடம் தட்டு வேலை கொடுக்காதீர்கள். கைப்பிடிக்கு ஓட்டை போடும்போது உங்கள் கையையே அளவு கொடுங்கள். நாலு விரலும் கணுவரை நுழைய வேண்டும்.

மெருகு விஷயத்தில் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். அரக்குப் பாலிஷ் கண்ணாடி போல மின்னும்; சூடான டபராவை வைத்த முதல் நாளே வெள்ளை வட்டம் விழுந்துவிடும். தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் சிக்கு நாற்றம் எடுக்கும். ஆளிவிதை எண்ணெய்தான் மரத்துக்குள் ஊறி உலர்ந்து இறுகும். ஹார்டுவேர் கடையில் காய்ச்சினது என்று விற்பதை வாங்காதீர்கள். சீக்கிரம் உலர அதில் உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். சாப்பிடுவதற்கென்று விற்கும் பச்சை எண்ணெயே நல்லது. துணியில் தொட்டுத் தேய்த்து, கால் மணி கழித்து உபரியைத் துடைத்துவிட்டு, நாலைந்து நாள் காற்றாட வைத்து, மறுபடி தேய்க்க வேண்டும். மூன்று தடவை. முழுதும் இறுகச் சில வாரம் ஆகும். அதற்குப் பிறகு கொஞ்சம் தேன்மெழுகு.

எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் கொடியில் போட்டுக் காயவிட்டுப் பிறகு எறியுங்கள். தட்டைத் தண்ணீரில் ஊறப் போடாமல் ஈரத் துணியால் துடைத்து, சுவரில் சாய்த்து நிறுத்தி வையுங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி காய வேண்டும்.

ஊருக்குத் திரும்பும் ரயில் விடியற்காலையில். அதனால் முதல் நாளே ஆசாரியாரிடம் மீதித் துண்டையும் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். அதில் இரண்டு தோசைத் திருப்பியும் ஒரு மத்தும் வரும்.