அப்பாவை நாங்க தப்பா நினைச்சுட்டோம்



வழக்கமா பூசை நேரம், உபயக்காரர் பெயர், அன்னதான விவரம் இதைத்தான் இங்கே போடுவோம். இன்னிக்கு எங்க வீட்டு விஷயம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

நாங்க மூணு பேர்: அண்ணன், அக்கா, தங்கச்சி. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்து, இப்போ கம்போங் குவாந்தானில் இருக்கோம். கோயில் மடப்பள்ளியில் காய் வெட்டுறதில் இருந்து அண்டா கழுவுறது வரைக்கும் எங்களைப் பார்த்திருப்பீங்க.

எங்கள்ல தங்கச்சிதான் ரொம்பக் கட்டுப்பாடு. பதினைந்து வருஷமா சைவம். தினமும் காலையில் ஆத்தோரமா ஒரு மணி நேர நடை. நெய்ச்சோறு ஆக்குவாள், ஒரு வாய் எடுக்க மாட்டாள். அண்ணன் நேர் எதிர். ரொட்டி சானாய், தே தாரேக், ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி.

போன வருஷம் மூணு பேரும் ஒரே நாளில் ரத்தம் எடுத்தோம். அண்ணனுக்கும் அக்காவுக்கும் கெட்ட கொழுப்பு, அதாவது எல்டிஎல், 3-க்குக் கீழே. தங்கச்சிக்கு 6.2! பேர் மாறிப் போச்சுன்னு சிரிச்சோம். மறுபடி எடுத்தோம். 6.0. “ஒளிச்சு வச்சு சாப்பிடுறியா?”ன்னு கேலி பண்ணினதும் நாங்கதான். அன்னிக்கு ராத்திரி அவள் சாப்பிடவே இல்லை. அதை நினைச்சா இப்பவும் வருத்தமா இருக்கு.

டாக்டர் அவசரப்படலை. தைராய்டு குறைஞ்சாலும், சிறுநீரகம் கெட்டாலும், இனிப்பு நீர் கட்டுப்பாட்டில் இல்லாட்டியும் கொலஸ்ட்ரால் ஏறும்னு சொல்லி அதையெல்லாம் பார்த்தார். எல்லாம் சரி. அப்புறம்தான் கேட்டார், “அப்பா எப்படி இறந்தார்?”

அப்பா 44 வயதில் செம்பனைக் காட்டிலேயே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தவர். குலை வெட்டி வெட்டி இறுகின உடம்பு, தொப்பையே கிடையாது. விரல் முட்டியிலும் குதிகாலுக்கு மேலேயும் கட்டி கட்டியா இருக்கும். கம்பு பிடிச்சுக் காய்ச்சுப் போச்சுன்னு நினைச்சோம். அது காய்ப்பு இல்லை, கொழுப்பு படிஞ்ச கட்டியா இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னார். தங்கச்சி குதிகாலைத் தடவிப் பார்த்தார். அங்கேயும் நரம்பு தடிச்சிருந்தது.

இதுக்குப் பேரு குடும்பவழிக் கொலஸ்ட்ரால். ரத்தத்தில் இருக்கிற கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி சாப்பாட்டில் இருந்து வர்றதில்லை, ஈரல் உட்பட நம்ம உடம்பே செய்யுது. சுத்துற எல்டிஎல்லைத் திரும்ப உள்ளே இழுக்க ஈரலில் வாசல்கள் உண்டு. இந்த மரபு உள்ளவங்களுக்குப் பிறப்பிலேயே பாதி வாசல் வேலை செய்யாது. திருவிழாவில் ஒரு பக்கக் கதவை அடைச்சா கூட்டம் தேங்குமே, அந்த மாதிரி. இந்த வாசலைக் கண்டுபிடிச்ச பிரவுன், கோல்ட்ஸ்டீன் ரெண்டு பேருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைச்சது. அப்பா அம்மாவில் ஒருத்தருக்கு இருந்தா, ஒவ்வொரு பிள்ளைக்கும் வர்றதுக்கு பாதிக்குப் பாதி வாய்ப்பு. எங்க மூணு பேரில் தங்கச்சிக்கு மட்டும் வந்திருக்கு.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னோம். அம்மா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், “அப்ப நான் ஆக்கிப் போட்ட கறியால அவர் போகலையா?”ன்னு கேட்டாங்க. இத்தனை வருஷமா அந்தப் பழியை மனசுக்குள்ள சுமந்திருக்காங்க. எங்களுக்குத் தெரியவே இல்லை. நாங்களும் எத்தனையோ தடவை, “அப்பா வாயைக் கட்டியிருந்தா இருந்திருப்பாரு”ன்னு அவங்க முன்னாடியே பேசியிருக்கோம்.

இப்போ தங்கச்சி ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுறா. ஈரல் கொலஸ்ட்ரால் செய்றதை அது குறைக்கும். அப்போ ஈரல் கூடுதலா வாசலைத் திறந்து ரத்தத்தில் இருக்கிறதை இழுத்துக்கும். இந்த வகை மருந்தை முதன்முதலில் 1970-களில் ஜப்பானில் அகிரா எண்டோ ஒரு பூஞ்சணத்தில் இருந்துதான் எடுத்தார். அவளுக்கு எல்டிஎல் இப்போ 2.7. சைவமும் நடையும் வீண் இல்லை, அதுதான் அவள் இதயத்தை இதுவரைக்கும் காப்பாத்தியிருக்கலாம்னார் டாக்டர். அவளுடைய ரெண்டு பிள்ளைகளையும் சோதிச்சோம். ஒன்பது வயசு மகனுக்கும் இருக்கு. சின்ன வயசிலேயே தெரிஞ்சதால இப்பவே கவனிக்கலாம்.

பக்தர்கள்கிட்ட எங்க வேண்டுகோள் இதுதான்:

அப்பா, அண்ணன் தம்பி 55 வயதுக்கு முன்னாடியோ, அம்மா, அக்கா தங்கச்சி 60-க்கு முன்னாடியோ மாரடைப்பில் பாதிக்கப்பட்டிருந்தா, ஒல்லியா இருந்தாலும், சைவமா இருந்தாலும் ரத்தம் எடுத்துப் பாருங்க. எல்டிஎல் 4.9-க்கு மேலே இருந்தா குடும்பக் கதையை டாக்டர்கிட்ட சொல்லுங்க. 40 வயசு தாண்டின பி40 குடும்பத்தினருக்குப் பெக்கா பி40 திட்டத்தில் இந்தச் சோதனை இலவசம்.

ரிப்போர்ட் நல்லா வந்துருச்சுன்னு மாத்திரையை நிறுத்தாதீங்க. நிறுத்தினா திரும்ப ஏறும். கர்ப்பமா இருக்கிறவங்க, கர்ப்பத்துக்குத் திட்டமிடுறவங்க மட்டும் டாக்டரைக் கேட்டு நடங்க. வேண்டுதலும் வைங்க, மருந்தும் சாப்பிடுங்க. அம்மன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா.

ரிப்போர்ட் யாருக்காவது கூடுதலா வந்தா, “என்ன சாப்பிட்ட?”ன்னு முதலில் கேட்காதீங்க. நாங்க கேட்டுட்டு இன்னும் வருத்தப்படுறோம்.

கிளினிக்குக்குத் தனியா போகத் தயக்கமா இருந்தா சொல்லுங்க, கூட வர்றோம். வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதும் மடப்பள்ளியில்தான் இருப்போம்.

ஓம் சக்தி 🙏