கீழே நின்றவர்

நுழையும்முன்

ஒரு நாள் குடும்பத்தோடு வெளியே சென்று வருவது எளிய செயலாகத் தோன்றும். கைக்குழந்தையும் முதியவரும் உடன்வரும்போது அந்த ஒரு நாளுக்குப் பின்னே எத்தனை கணக்குகள் இருக்கின்றன என்பதை ஒரு மருமகளின் குரலில் சொல்கிறது இக்கட்டுரை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு கேளிக்கைப் பூங்காவின் வாயிலில், மே மாதத்து வெயிலில், நாங்கள் ஒன்பது பேர் நின்றோம். என் தந்தைக்கு வயது 74. இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். என் மாமியாருக்கு வயது 71. முழங்கால் வலியோடு நடப்பவர். அவரை நான் அத்தை என்று அழைப்பேன். என் மகளுக்கும் மகனுக்கும் அவர் அப்பத்தா. நாத்தனாரின் பத்து மாதக் குழந்தைக்கு அம்மாச்சி. மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு மூன்று. இவர்களோடு நானும் என் கணவரும், நாத்தனாரும் அவருடைய கணவரும்.

அன்றைய நாளுக்கான திட்டத்தை நான்தான் வகுத்திருந்தேன். பள்ளியில் கால அட்டவணை தயாரிக்கும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருப்பதால், கட்டம் போட்டு எழுதுவது எனக்குப் பழகிய வேலை. காலை முதல் மாலை வரை ஏழு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் எந்த விளையாட்டு, யார் ஏறுவது, யார் பணப்பையை வைத்துக்கொள்வது, யார் குழந்தையைப் பார்த்துக்கொள்வது என எல்லாம் எழுதியிருந்தேன். மதுரையிலிருந்து பாண்டியன் விரைவு வண்டியில் இரவு புறப்பட்டு, விடியலில் எழும்பூரில் இறங்கி, முகம் கழுவிச் சிற்றுண்டி முடித்து நேரே பூங்காவிற்குச் செல்வதென்பது திட்டம். விடுதி அறைக்கான செலவை மிச்சப்படுத்திவிட்டதாக எனக்குள் ஒரு பெருமிதமும் இருந்தது.

திட்டம் முதல் கட்டத்திலேயே உடைந்தது. இரவெல்லாம் தொடர்வண்டியில் விழித்திருந்த கைக்குழந்தை, பூங்காவின் இசை உச்சத்தில் ஒலிக்கத் தொடங்கிய நேரத்தில் உறங்க விரும்பியது. உறங்க இடமில்லை. அது அழுத அழுகையில் நாத்தனார் தம் முதல் விளையாட்டையே கைவிட்டார். சறுக்கு ரயிலுக்கான வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றபின், நுழைவிடத்தில் இருந்த அளவுப் பலகையின் முன் என் மகனை நிறுத்தினார்கள். பலகையில் கோடு 120 சென்டிமீட்டரில் இருந்தது. அவன் உயரம் 95. அவன் குதிகாலை உயர்த்தி, கழுத்தை நீட்டி, தலைமுடியையும் கையால் நிமிர்த்திப் பார்த்தான். காவலர் சிரித்தபடியே தலையசைத்து மறுத்தார். அதே பலகையின் அடியில் இன்னொரு வரி இருந்தது: இதய நோயாளிகள், முதுகெலும்புக் குறைபாடு உடையோர், கருவுற்ற பெண்கள் ஏறுதல் கூடாது. என் தந்தை அதைக் கண்ணாடி அணிந்து நிதானமாகப் படித்தார். பிறகு பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையை விட்டு வெளியேறினார்.

பூங்காவின் மீது குறை சொல்ல இதில் ஏதுமில்லை. சறுக்கு ரயிலின் குறுக்குக் கம்பி குறிப்பிட்ட உடலளவைக் கணக்கில் கொண்டு செய்யப்படுவது. சிறு பிள்ளையின் உடல் அதனடியில் நழுவிவிடக்கூடும். பிறந்த குழந்தையின் தலை, உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இருக்கும். வளர்ந்தவருக்கு அது ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்குதான். பெரிய தலையை இளங்கழுத்துத் தாங்கிக்கொண்டிருக்கும் பருவத்தில் திடீர்த் திருப்பங்கள் ஆகா. இவையெல்லாம் முன்பே தெரிந்துகொண்டிருக்க வேண்டியவை. நான் விளையாட்டுகளின் பெயர்களைப் படித்தேன். அவற்றின் விதிகளைப் படிக்கவில்லை.

நண்பகலில் என் தந்தைக்குத் தலைசுற்றியது. காலையிலிருந்து அவர் அரைக் குவளைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. முதுமையில் தாக உணர்வு மங்கிவிடும். உடலுக்கு நீர் தேவைப்பட்டாலும் நா வறண்டு நினைவூட்டாது. குழந்தைகளுக்கோ, எடையோடு ஒப்பிட்டால் தோற்பரப்பு மிகுதி. வெயிலில் அவர்கள் உடல் விரைவில் சூடேறிவிடும். ஆக, ஒன்பது பேரில் வெயிலை மிகக் குறைவாகத் தாங்கக்கூடியவர்களை, வெயில் மிகுந்த வேளையில், சறுக்கு ரயிலுக்கு எதிரே இருந்த ஒரு நீள இருக்கையில் அமர வைத்திருந்தேன். தந்தை, மகன், கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அத்தை. அன்று மூன்று மணிக்கே திரும்பிவிட்டோம். வரும் வழியில் யாரும் அதிகம் பேசவில்லை.

அந்த இருக்கை என் நினைவை விட்டு அகலவில்லை. இத்தகைய பூங்காக்களின் கதையே ஓர் இருக்கையில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கிரிஃபித் பூங்கா என்று ஒன்று உண்டு. வால்ட் டிஸ்னி தம் இரு மகள்களையும் அங்கு அழைத்துச் செல்வார். அவர்கள் குடைராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருக்க, இவர் இருக்கையில் அமர்ந்து வேர்க்கடலையைக் கொறித்தபடி வேடிக்கை பார்ப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் இருக்கக்கூடாதா என்ற எண்ணம் அங்குத் தோன்றியதாக அவரே கூறியிருக்கிறார். 1955ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் அனாஹைமில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. பெற்றோர் இருக்கையிலிருந்து எழுந்துவிட்டனர். ஆனால் இருக்கை காலியாகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அதில் இப்போது பாட்டியும் தாத்தாவும் அமர்ந்திருக்கிறார்கள், மடியில் எங்கள் பைகளோடு.

அடுத்த தை மாதத்தில் மீண்டும் செல்வதென முடிவு செய்தோம். இம்முறை யார் யாருக்கு என்ன விருப்பம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். மகள் சறுக்கு ரயில் என்றாள். மகன், யானை என்றான். சென்ற முறை தூரத்தில் சுற்றிக்கொண்டிருந்த சிறுவர் ராட்டினத்தில் யானைகளைப் பார்த்திருக்கிறான். என் தந்தை, “நிழலா ஓர் இடம் போதும்மா” என்றார். அத்தையிடம் கேட்டபோது, முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தவர் நிமிராமலே, “எனக்கென்ன தாயி, நான் பிள்ளைய வச்சுக்கிறேன். நீங்க போயிட்டு வாங்க” என்றார்.

நான் அதையும் எழுதிக்கொண்டேன். மகள் விடவில்லை. “சின்னப் பிள்ளையில நீங்க ராட்டினம் ஏறியதே இல்லையா அப்பத்தா?” என்று அருகில் அமர்ந்து கீரையைக் கையிலெடுத்தாள்.

அத்தை சொன்னது இதுதான். அவருக்குப் பத்து வயதிருக்கும்போது, சித்திரைத் திருவிழாவிற்காக ஊரிலிருந்து மாட்டுவண்டியில் மதுரைக்கு வந்திருக்கிறார்கள். அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டு, தமுக்கம் மைதானத்தில் பொருட்காட்சிக்குப் போயிருக்கிறார்கள். அங்கே தொட்டிராட்டினம். அவருடைய தாயார் நான்கு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு நாலணா கொடுத்திருக்கிறார். அண்ணன்மார் மூவரும் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்கள். இவர் இடுப்பில் கைக்குழந்தையான தம்பி. தாயார் வளையல் கடையில் நின்றிருந்தார். ராட்டினக்காரர், குழந்தையோடு ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். சுற்று முடியும்வரை கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாராம்.

“காச என்ன செஞ்சீங்க?”

“தம்பிக்குக் கிலுகிலுப்பை வாங்குனேன்.”

இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். வருத்தப்பட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை. அதன்பின் சொந்தப் பிள்ளைகள், பிறகு பேரப்பிள்ளைகள் என யாராவது ஒருவர் எப்போதும் அவர் இடுப்பில் இருந்திருக்கிறார்கள். அன்றிரவு, சென்ற ஆண்டின் கால அட்டவணையைத் தேடி எடுத்தேன். ‘குழந்தையைப் பார்ப்பவர்’ என்ற பத்தியில், ஏழு கட்டங்களிலும், என் கையெழுத்தில், ‘அத்தை’, ‘அத்தை’, ‘அத்தை’ என்று இருந்தது. ஒருமுறைகூட நான் அவரைக் கேட்டு அதை எழுதவில்லை.

புதிய திட்டத்தை அந்தப் பத்தியிலிருந்துதான் தொடங்கினேன். முதலில் கைக்குழந்தையின் உறக்க நேரம், பால் நேரம். மகனின் நண்பகல் உறக்கம். தந்தையின் மாத்திரை வேளை. அத்தையின் முழங்கால் எத்தனை நிமிட நடைக்கு ஒருமுறை ஓய்வு கேட்கும் என்பது. இவை போக எஞ்சிய இடைவெளிகளில்தான் விளையாட்டுகள். ஏழு கட்டங்கள் மூன்றாகச் சுருங்கின. குழந்தையைப் பார்க்கும் முறை ஆறு பெரியவர்களுக்கும் பங்கிடப்பட்டது; என் கணவர் தம் பங்கைக் கண்டு சற்றுத் திகைத்தார், அவ்வளவுதான். தந்தையின் மருத்துவரிடம் எவற்றில் ஏறலாம் என்று கேட்டுவந்தோம். முதல் நாளே சென்னை வந்து, திருவான்மியூரில் உறவினர் வீட்டில் தங்கினோம். பொங்கல் கூட்டம் வடிந்தபின் வந்த ஒரு செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். ஆசிரியரான நானே என் மகளுக்காக விடுப்புக் கடிதம் எழுதியது அதுவே முதல்முறை; அதைப் பற்றி இங்கு அதிகம் சொல்லாமலிருப்பது நல்லது.

கதவு திறக்கும் நேரத்திற்கே போய்விட்டதால், முதல் ஒரு மணி நேரத்தில் வரிசையே இல்லை. மகன் யானைமீது நான்கு முறை சுற்றினான். ஐந்தாவது முறை, மருத்துவர் அனுமதித்த தைரியத்தில், தாத்தாவும் அவனோடு சென்றார். சறுக்கு ரயில் அன்று பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. மகளின் முகம் வாடிவிட்டது. திட்டத்தில் அதற்கு மாற்று ஏதும் நான் எழுதியிருக்கவில்லை. அவளே சற்று நேரம் கழித்து, “அப்ப நான் அப்பத்தாவோட போறேன்” என்றாள்.

பெரிய ராட்டினத்தின் முன் நின்றோம். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்காக ஜார்ஜ் ஃபெரிஸ் என்ற பொறியாளர் அமைத்த ராட்டினம் 264 அடி உயரம். அதில் 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர் என ஒரே நேரத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் சுற்றலாம். அதனோடு ஒப்பிட்டால் இது சிறியதுதான். ஆனால் அத்தை அண்ணாந்து பார்த்தபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “வேணாம் தாயி. முழங்கால் மடங்காது. பிள்ளை வேற அழுவான்” என்றார். பிள்ளை என் தோளில் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தது.

ராட்டினத்தை இயக்கிய இளைஞரிடம் நான் பேசப் போகும்முன் என் மகள் போய்ப் பேசினாள். அவர் அத்தையைப் பார்த்தார். “பாட்டி ஏறி உட்காருற வரைக்கும் சுத்தமா நிப்பாட்டிடுறேன். அவசரமே இல்லை, மெதுவா வாங்க” என்றார். நின்ற பெட்டியில் ஒரு காலை வைத்து, பேத்தியின் தோளைப் பற்றி, மற்ற காலை எடுத்து வைக்க அத்தைக்கு வெகுநேரம் பிடித்தது. பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். பெட்டியின் கதவு மூடியது.

நான் கீழே நின்றேன். தோளில் குழந்தை, கையில் மூன்று பைகள், அத்தையின் செருப்பு. சக்கரம் மெல்ல நகர்ந்தது. எந்தப் பெட்டி அவர்களுடையது என்று இரண்டாம் சுற்றிலேயே தவறவிட்டேன். கழுத்து வலித்தது. ஒரு சுற்று இவ்வளவு நேரம் ஆகும் என்பது ஏறியவர்களுக்குத் தெரிந்திருக்காது.

இறங்கி வந்த அத்தையின் முகம் வியர்த்திருந்தது. “மேல போனா கடல் தெரியுது” என்றார். “நம்ம வண்டி நிக்கிற இடம்கூடத் தெரியுது. நீ நின்னதும் தெரிஞ்சுது. கூப்பிட்டேன், உனக்குக் கேக்கல.” பேசிக்கொண்டே, பழக்கத்தால், குழந்தையை வாங்க இரு கைகளையும் நீட்டினார்.

“இருக்கட்டும் அத்தை. தூங்குறான்” என்றேன். “இன்னொரு சுற்றுப் போயிட்டு வாங்க.”

அவர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். நான்கு பேர்தான் நின்றிருந்தனர். முழங்கால் பட்டையைக் குனிந்து இறுக்கிக்கொண்டு, என் மகளின் கையைத் தேடினார்.