கடப்பாரை நெட்டில் கற்ற பாடம்

சென்ற தை மாதத்தில் மாதனூர்ப் பங்கு இளைஞர்கள் சிலர் பர்வதமலைக்குப் புறப்பட்டபோது, "சாமியும் வரவேண்டும்" என்று வற்புறுத்தினார்கள். ஐம்பத்தாறு வயதில் மலையேற்றமா என்று தயங்கினேன்; பின்னர் இசைந்தேன். வேலூர், போளூர் வழியாகத் தென்மாதிமங்கலம் சென்று, காலையில் நடக்கத் தொடங்கினோம்.

ஏறத்தாழ 4,500 அடி உயரமுள்ள மலை அது. உச்சியில் மல்லிகார்ச்சுனர் ஆலயம் இருப்பதால், சைவ அன்பர்கள் பௌர்ணமிதோறும் திரளாக ஏறுவார்கள். முதலில் படிகள், பிறகு காட்டினூடே கல்வழி, அதற்கும் மேலே செங்குத்தான பாறை. அப்பாறையில் கடப்பாரைகளை அடித்து, பிடித்தேறச் சங்கிலியும் கட்டியிருக்கிறார்கள். மக்கள் அதற்கு இட்ட பெயர் 'கடப்பாரை நெட்டு'. அடுத்துத் தண்டவாளப்படி, ஏணிப்படி, ஆகாயப்படி! பெயரைக் கேட்டாலே நெஞ்சு நடுங்கும்.

இத்தாலி நாட்டு டோலமைட் மலைகளிலும் இத்தகைய வழிகள் உண்டு. 'வியா ஃபெராட்டா', அதாவது இரும்பு வழி என்பர். 1914–1918 உலகப் போரின்போது படைவீரர்கள் அவற்றுள் பலவற்றை அமைத்தனர். அங்கே ஏறுவோர், இடுப்புவாரிலிருந்து வரும் இரு கொக்கிகளை இரும்புக் கயிற்றில் மாட்டிக்கொள்வர். கயிறு பாறையோடு பிணைக்கப்பட்ட இடம் வரும்போது ஒரு கொக்கியைக் கழற்றி அப்பால் மாட்டிய பின்னரே மற்றதைக் கழற்றுவர். நம் மலையிலோ கொக்கியும் இல்லை, கயிறும் இல்லை. இரு கைகளே துணை.

நெட்டில் பாதி தூரம் ஏறியதும் கீழே பார்த்துவிட்டேன். கால்கள் வெலவெலத்தன. பிடித்திருந்த கடப்பாரையை விட மனம் வரவில்லை. விசுவாசத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் செய்தவன், ஓர் இரும்புத் துண்டைக் கட்டிக்கொண்டு அசையாது நின்றேன்! எனக்குக் கீழே வந்துகொண்டிருந்த, டேனரியில் வேலை செய்யும் இளைஞன் மெல்லச் சொன்னான்: "இடது கை கெட்டியா இருக்கு சாமி. வலது கையை மட்டும் விடுங்க. விட்டாத்தானே அடுத்ததைப் பிடிக்கலாம்?"

விட்டேன், பிடித்தேன், ஏறினேன்.

இறங்கும்போதும் அச்சொல் என்னை விடவில்லை. தந்தையார் வைத்துப்போன சிறு நிலத்தை என்னிடம் ஒரு வார்த்தை கேளாமல் விற்றான் என்று, உடன்பிறந்த தம்பியோடு ஏழாண்டுகளாக நான் பேசவில்லை. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகும்படி ஆண்டவர் கற்பித்ததை மற்றவர்களுக்கு எடுத்துரைத்தவன் நான். ஆயினும் அந்த வருத்தத்தை மட்டும் இறுகப் பிடித்திருந்தேன். அதை விட்டால் என் நியாயமே விழுந்துவிடும் என்ற அச்சம். ஆனால் ஒரு கையை ஆண்டவர் பற்றியிருக்க, மறுகையை விடுவதால் எவன் விழுவான்?

மறுவாரம் பேருந்தேறித் தம்பியின் ஊருக்குப் போனேன். கதவைத் திறந்தவன் அவனே. நிலத்தைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை. "சாப்பிட்டியாண்ணா?" என்று கேட்டான். அது போதுமானதாயிருந்தது.

அன்பார்ந்த குடும்பத்தாரே, உங்கள் கை எதை இறுகப் பிடித்திருக்கிறது? இன்றிரவு குடும்ப செபம் முடிந்ததும், ஒரு கணம் அந்தக் கையைப் பாருங்கள்.